மலருக்கு ஊற்றாத பால்

11.7.2003, வெள்ளி

காற்று. சாரல் இல்லை, வெறும் காற்று. பால்வாடிக் கூரையில் ஓர் ஓடு நகர்ந்துவிட்டது. டீச்சரிடம் சொன்னேன். "ஆபீசுக்கு எழுதிப் போடுவோம் பேச்சியம்மா" என்றார். எழுதிப் போட்டு ஆள் வருவதற்குள் காற்றே மிச்ச ஓட்டையும் தூக்கிப் போய்விடும், வேலை சுலபம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. வாய் சும்மா இருக்காமல் சொன்னது.

சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது கார் சத்தம். மலரை மதுரையிலிருந்து கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் தெரு முக்கில் திரும்ப முடியாமல் கார் கொஞ்ச நேரம் நின்றது. பின்சீட்டில் படுத்திருந்தாள். முகம் உப்பல், கை குச்சி. ரெண்டு கிட்னியும் போனபிறகு ரத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பண்ணிப் பார்த்தார்கள். இனி உடம்பு தாங்காதாம். அவளே நர்சு. அவளே சொன்னாளாம், "போதும், சுருளிப்பட்டிக்குப் போவம்" என்று.

கார் போனபிறகும் கையில் மாவோடு நின்றேன். ஒரு பயல் என் சேலையைப் பிடித்து இழுத்து, "ஆயா, உருண்டை" என்றான்.

போய்ப் பார்க்கவில்லை. மூன்று வீடு தள்ளித்தான். வேலுத்தாயக்கா என்ன சொல்லுமோ. அது பெற்றவள். நான் பால் கொடுத்தவள். பேச்சு நின்று பல வருசம்.

இந்த டைரி மலர் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் மருந்துக் கம்பெனிக்காரர் யாரோ அவளுக்குக் கொடுத்ததாம். அஞ்சாம் வகுப்புப் படிச்சவளுக்கு எதுக்குடி டைரி என்றேன். "நீ பேசுற பேச்சுக்கு ஊருல ஆளு பத்தல சின்னாத்தா. மிச்சத்த இதுல பேசு" என்றாள்.

12.7.2003, சனி

அதே காற்று. தலைவலி. என் வீட்டுக்காரர் ஏலக்காட்டிலிருந்து இறங்கி வரவில்லை, அடுத்த வாரம்தானாம்.

காலையில் பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று.

வாசலில் வேலுத்தாயக்கா. "தூங்குறா" என்றது, என் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளேயிருந்து குரல். "தூங்கல. யாரு, நர்சம்மாவா? உள்ள விடும்மா."

அக்கா கொஞ்சம் நகர்ந்தது. அந்த வழி என் உடம்புக்குப் பத்தாது. ஒருச்சாய்ந்து போனேன்.

"என்ன சிஸ்டர், டூட்டிக்குப் போகாம படுத்துக் கெடக்கீக?"

"லீவு சின்னாத்தா. பெரிய லீவு."

திராட்சையைப் பார்த்ததும் அக்கா, "பழம் ஆகாதுன்னு சொல்லிருக்காக" என்றது. மலர் கையை நீட்டினாள். "இனிமே எல்லாம் ஆகும். குடு." ஒன்றே ஒன்று தின்றாள். தோலை என் கையில் துப்பினாள், சின்னப்பிள்ளை மாதிரி. பயம் இல்லையாம். தாகம் மட்டும்தானாம்.

நர்சம்மா என்று அவள் என்னைக் கூப்பிடுவதற்கு ஒரு கதை உண்டு. தேனியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பொங்கலுக்கு வந்தவள் நேராக என் அடுப்படிக்கு வந்தாள். அதுவரை தெருவில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஆத்தாளுக்குப் பயம். அன்றைக்குப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நர்சுன்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்றாள். ஊசி போடுறவ, வெள்ளை உடுத்திக்கிட்டு நோயாளிய வையிறவ என்றேன். இல்லையாம். பாடம் எடுத்த கேரளத்து டீச்சர் சொன்னாராம். ரோமாபுரிக்காரர்கள் பேசிய லத்தீன் பாஷையில் நூட்ரிக்ஸ் என்று ஒரு சொல். அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்க்கிறவளுக்கு அந்தப் பேர். அது பிரெஞ்சுக்காரன் வாயில் தேய்ந்து, இங்கிலீசுக்காரன் வாயில் இன்னும் தேய்ந்து, நர்சு என்று ஆகியிருக்கிறது. எங்கள் பால்வாடிப் போர்டில் நியூட்ரிஷன் என்று இருக்கிறதே, அதுவும் அதே வேர். அந்த வேருக்கு ரொம்ப முந்தி, ஒழுகுவது, சொட்டுவது என்று அர்த்தம் இருந்திருக்கும் என்றும் சிலபேர் சொல்கிறார்களாம்.

"தமிழ்லயும் பாரு. எங்க சர்ட்டிபிகேட்டுல செவிலியர்னுதான் போடுவாக. அந்தக் காலத்துல செவிலின்னா வளத்த தாயி. கடலுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஒண்ணுபோல யோசிச்சிருக்காக. அப்பப் பாத்தா நீதான் நெசமான நர்சு. நாங்கள்லாம் வெறும் யூனிபாரம்."

"அப்ப எனக்கும் ஒரு வெள்ளத் தொப்பி வாங்கியா" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் போனபிறகு அடுப்பில் ஒரே புகை, ஈர விறகு. கண்ணைத் துடைத்தேன். ரோமாபுரியிலும் எவளோ ஒருத்திக்கு ரவிக்கை நனைந்திருக்கிறது. அதை மதித்து ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். நம் பாஷையிலும் இருக்கிறதாம், புத்தகத்தில். நம் தெருவில் இல்லை. 'பால் குடுத்தவ' என்பார்கள், அதுவும் சண்டை வந்தால்.

14.7.2003, திங்கள்

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, சீயக்காய், விளக்குத் திரி. விளக்கமாறும் தேய்ந்துவிட்டது.

மலர் பேச்சை நிறுத்திவிட்டாள். கண் மூடியே இருக்கிறது. மூச்சு மட்டும் பெரிதாக, நீளமாக. தேவாரத்திலிருந்து அவள் மாமன் வீட்டார் வந்துவிட்டார்கள். அடுப்படியில் இடமில்லை என்று நான்தான் என் வீட்டில் சோறு வடித்துக் கொடுத்தேன். வேலுத்தாயக்கா பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுவிக் கொடுத்தது. முன்னெல்லாம் என் வீட்டுப் பாத்திரம் அந்த வீட்டுக்குள் போகாது.

பிள்ளை நடக்கப் பழகியதும் என் வீட்டுக்கே ஓடி வந்தது. என்னை ஆத்தா என்றது, வேலுத்தாயக்காவை அக்கா என்றது. எந்தப் பெற்றவளுக்குப் பொறுக்கும்? "இனிமே எம்பிள்ளயத் தொடாத" என்றது. தொடவில்லை. மலர் சடங்கான அன்றைக்குப் பந்தலுக்கு வெளியே நின்று, வந்தவர்களையெல்லாம் கேலி பண்ணிச் சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். பேச்சி சந்தோசமாகத்தான் இருக்கிறாள் என்று ஊர் நினைத்தது.

16.7.2003, புதன்

பால் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தால், வேண்டியவர்கள் ஆளுக்கொரு சொட்டு வாயில் விட்டு அனுப்பி வைப்பது வழக்கம். மலருக்கு இது பிடிக்காது. ஆஸ்பத்திரியில் இப்படித்தான் ஒரு கிழவருக்குச் சொந்தக்காரர்கள் சொம்போடு வந்தார்களாம். "பெரியவருக்குப் பசிச்சா நானே காப்பி வாங்கிக் குடுப்பேன், நீங்க பொரையேத்திக் கொன்றாதீக" என்று விரட்டினாளாம். அந்தக் கிழவர் பிழைத்து, வீட்டுக்குப் போகும்போது அவளிடம் காப்பி கேட்டாராம்.

மாமன் ஊற்றினார். அத்தை ஊற்றினாள். பெற்றவள் ஊற்றியது கன்னத்தில் போயிற்று. தெருவில் பாதிப்பேர் ஊற்றியாயிற்று. மூச்சு அடங்கவில்லை, அப்படியே ஓடுகிறது.

அங்கம்மாப் பெரியாத்தாதான் ஆரம்பித்தது. தெருவில் எந்தச் சாவுக்கும் அதுதான் கலெக்டர். "மொதப் பாலு யாரு குடுத்தா? அவ ஊத்தாம எப்படிடி போகும்? பேச்சியக் கூப்புடுங்க."

நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பொழுது சாயும்போது பின்வாசலில் நிழல். வேலுத்தாயக்கா. என் வீட்டுப் படியை மிதித்து எத்தனையோ வருசம்.

"பேச்சி, நீ வராத."

"வரல கா."

"யாரு கூப்புட்டாலும் வராத. கெழவி சொன்னா சொல்லிட்டுப் போறா. நீ ஊத்துனா எம்பிள்ள போயிருவா."

"நான் ஏன் ஊத்துறேன்? ஊத்த மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. கருப்பட்டிக் காப்பி போடவா என்றேன். வேணாம் என்றது. போட்டுக் கொடுத்தேன், குடித்தது. டம்ளரைக் கீழே வைக்கும்போது, "இனிப்பு தூக்கல்" என்றது. "என்னைய மாதிரி" என்றேன். உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

17.7.2003, வியாழன்

ஆடி ஒன்று. காற்று கூடிவிட்டது, கண்ணில் மண்.

கூப்பிட்டு ஆள் மேல் ஆள். முதல் ஆளிடம் காலில் சுளுக்கு என்றேன். அடுத்த ஆள் வந்தபோது சுளுக்குக் காலோடு பால்வாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்றேன். டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மத்தியானம் அங்கம்மாப் பெரியாத்தாளே கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டது.

"ஏண்டி, அந்தப் பிள்ள படுற பாடு உனக்குத் தெரியலயா? உம் மனசு என்ன கல்லா?"

"கல்லுதான் பெரியாத்தா. அதான் இத்தன கனம் கனக்குறேன்."

"எதுக்கெடுத்தாலும் உனக்கு வெளையாட்டு."

போய்விட்டது. போகும்போது தெருவில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "பழைய பகைய மனசுல வச்சிருக்கா. ஆத்தாளப் பழி வாங்குறா."

வேலுத்தாயக்காவும் அங்கே நின்றதாம். அதுவும் ஒன்றும் சொல்லவில்லையாம். என்ன சொல்லும்? சொன்னால் எங்கள் ஒப்பந்தம் போச்சு. ஊர் என்னை ஏசட்டும். மூச்சு ஓடினால் சரி.

18.7.2003, வெள்ளி

தெருவில் நடந்தாலே மலர் மூச்சு கேட்கிறது. ரம்பம் இழுக்கிற மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு தாண்டினேன், என்னைக் கண்டு நாய் குரைத்தது.

மெலிந்துவிட்டாளாம். முதுகில் புண் வந்துவிட்டதாம். சின்ன முனகல் ஒன்று புதிதாக.

பூக்காரி மல்லி கொண்டுவந்தாள். எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் கேட்பாள். "ஆடி வெள்ளிக்காச்சும் வைக்கக்கூடாதா?" வேண்டாம்.

எனக்கு முதலும் கடைசியுமாகப் பிறந்தது ஆண். பேர் வைக்கும் முன்பே போய்விட்டது. பிள்ளை போனது மாருக்குத் தெரியாது, அது பாட்டுக்குச் சுரந்தது. கல் மாதிரி கட்டி, ஜுரம் வந்து, கையைத் தூக்க முடியவில்லை. பால் வற்ற மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். என் ஆத்தா பூவைக் குவித்து வைத்து, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியது. வீடு முழுக்க மணம். கல்யாண வீடு மாதிரி.

அதே நேரம் மூன்று வீடு தள்ளி வேலுத்தாயக்காவுக்குப் பிரசவக் காய்ச்சல், நினைவில்லை. சொட்டுப் பால் இல்லை. பிள்ளை சங்கில் ஊற்றிய பசும்பாலைத் துப்பித் துப்பிக் குரல் போய்விட்டது. அதன் புருசன், அப்போது உயிரோடு இருந்தார், என் வாசலில் வந்து நின்றார். கேட்கவில்லை, நின்றார். பிள்ளையைத் துண்டில் வைத்திருந்தார். உள்ளே அது பூனைக்குட்டி மாதிரி கத்தியது.

அந்தச் சத்தம் கேட்டதும் கட்டு நனைந்துவிட்டது. நானே அவிழ்த்தேன். பூவெல்லாம் மடியில் கொட்டியது. மலர் அப்படிக் குடித்தாள். மூச்சு விடாமல், புரையேற. "மெல்ல ஆத்தா, மெல்ல. எங்கயும் போகல, இங்கனதான் இருக்கேன்" என்று உச்சியைத் தட்டித் தட்டிச் சொல்வேன்.

அன்றைக்கு அவள் வரவில்லையென்றால் நான் கிணற்றைப் பார்த்திருப்பேன். அவளை நான் பிழைக்க வைத்தேன் என்கிறார்கள். யார் யாரை என்று எனக்குத்தான் தெரியும்.

அவளுக்கு நான் எப்படி அந்தப் பாலை ஊற்றுவது?

19.7.2003, சனி

ஊரில் இருக்க முடியவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் கம்பம், அங்கிருந்து சின்னமனூர், அங்கிருந்து குச்சனூர். ஆடி முதல் சனி. கூட்டம் நெருக்கித் தள்ளியது. பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்துவிட்டு, "பாத்து நிக்கக்கூடாதா" என்றார். உங்க காலுக்குக் கீழ எங்காலு எப்ப வந்துச்சுன்னே தெரியல, மன்னிச்சுக்கங்க என்றேன். பஸ் சிரித்தது. பஸ்ஸோடு நானும் சிரித்தேன். எப்படி வருகிறது இந்தச் சிரிப்பு.

எள் விளக்கு போட்டேன். காக்கைக்குச் சோறு வைத்தேன், உடனே எடுத்தது. சனீஸ்வரர் முன்னால் நின்றபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிழைக்க வை என்று கேட்டால் இந்த மூச்சே நீளும். கூட்டிக்கோ என்று கேட்க வாய் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். கேட்காமலே வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் சுருளிப்பட்டியில் இறங்கினேன். பஸ் நிறுத்தத்தில் வேலுத்தாயக்கா நின்றது. தலை கலைந்து, செருப்பில்லாமல். எத்தனை பஸ் பார்த்ததோ.

"வா பேச்சி."

"நான் சத்தியம் பண்ணிருக்கேன் கா."

"நாந்தான வாங்குனேன். நானே திருப்பிக்கிறேன். வா. எங்கண்ணால பாக்க முடியல."

ரெண்டு பேரும் நடந்தோம். பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து மலர் தலையை என் மடியில் வைத்தேன். கனமே இல்லை. நாக்கு வறண்டு வெடித்திருந்தது. அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிக்கடியிலிருந்து பித்தளைச் சங்கை எடுத்தது. அந்தக் காலத்தில் இவள் துப்பிய பால், இதே சங்கில்தான்.

பாலில் என் விரலை விட்டுச் சூடு பார்த்தேன். பழக்கம்.

என் கை தூக்க வரவில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியது. ரெண்டு கையுமாகச் சாய்த்தோம்.

"மெல்ல ஆத்தா" என்றேன். "மெல்ல. பொரையேறும். எங்கயும் போகல. இங்கனதான் இருக்கேன்."

ஒரு மிடறு உள்ளே போனது. தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன். அடுத்தது கடைவாயில் ஒழுகி என் சேலையில் சொட்டியது. உச்சியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். விளக்கு வைத்தார்கள். மூச்சு மெதுவாகி, இன்னும் மெதுவாகி, பிறகு வெளியே காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

20.7.2003, ஞாயிறு

எடுத்துவிட்டார்கள். வெள்ளைச் சேலை, நர்சு வேலைக்கு உடுத்துவது. அவள் பிரியமாம்.

எழுத ஒன்றுமில்லை.

25.7.2003, வெள்ளி

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஓட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. சாக்கை மடித்துச் சொருகியிருக்கிறோம்.

பால்வாடிக்குப் போனேன். உருண்டை பிடித்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு குட்டி உருண்டையை வாயில் அடைத்துக்கொண்டு விக்கினாள். உச்சியைத் தட்டக் கை போனது. டீச்சர் தண்ணீர் கொடுத்தார். நான் வெளியே போய் விறகு அடுக்கினேன். அடுக்கியிருந்ததையே கலைத்து அடுக்கினேன்.

சாயங்காலம் பூக்காரி. வேண்டாம் என்றேன். போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் வேலுத்தாயக்கா. முகம் வெளுத்து, கையை உடம்போடு ஒட்டாமல் தூக்கி வைத்துக்கொண்டு.

"என்னக்கா?"

"பேச்சி, மாரு ரெண்டும் கட்டிக் கெடக்கு. ரவிக்க பட்டாலே வலிக்குது."

உட்கார வைத்தேன்.

"பாலே சொரக்காத மாரு. இந்த வயசுல எதுக்குடி வலிக்குது?"

தெரியல கா என்றேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அன்னிக்கு உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான் இருந்துச்சு."

"நான் ஒரு நாளும் கேக்கல."

காப்பி போட எழுந்தேன். சேலையைப் பிடித்து நிறுத்தியது.

"பூ வச்சுக் கட்டுனா நிக்குமா?"

பூக்காரி இன்னும் தெரு முக்கைத் தாண்டியிருக்கவில்லை. ஓடிப் போய்க் கூப்பிட்டேன். எத்தனை முழம் என்றாள். நாலு முழம், ரெண்டு பேருக்கு என்றேன்.